ஆறு நிரை அந்தரம்

தேவதாசனைப் பத்து நிமிடம் ஒரே கதிரையில் இருத்திவைத்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர்தான்: ஒருவர் பல் வைத்தியர், மற்றவர் கனடாக் குடியுரிமைச் சத்தியம் செய்வித்த நீதிபதி. கோயிலில்கூட அவர் பின்கதவோடு நின்றுதான் பூசை காண்பார். பாதரின் பிரசங்கம் கொஞ்சம் நீண்டால், வெளியே போய்த் தன் காரின் நாலு சில்லையும் காலால் தட்டிப் பார்த்துவிட்டு வருவார். காலுக்கு அந்த வேலை என்றால் கைக்கு வேறு வேலை. நின்ற இடத்தில் எதையாவது பிய்த்துக்கொண்டிருக்கும். மேசைவிரிப்பின் நூல், போத்தலில் ஒட்டிய தாள், கலண்டரின் ஓரம், எது அகப்பட்டாலும் சரி. "உங்கட கை சும்மா இராது" என்று மனைவி மாக்கிரட் இருபத்தாறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். கையும் இருபத்தாறு வருடமாகக் கேட்டபாடில்லை.

மன்னாரில் பிறந்தவர். டொரொன்டோவில் பதினாறு வருடம் இருந்தார், அதற்குள் பதினொரு வேலை பார்த்தார். பேக்கரி, பெட்டி மடிக்கும் தொழிற்சாலை, விமான நிலையத்தில் பயணப்பெட்டி ஏற்றுவது, பள்ளிக்கூட பஸ் ஓட்டுவது என்று போனது. எந்த முதலாளியும் அவரை வேலையிலிருந்து நிற்பாட்டவில்லை. இவரே ஒரு நாள் காலையில் எழும்பி, "இனி அங்க போகேலாது" என்பார். ஏன் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. மாக்கிரட்டின் தங்கை மொன்றியலில் இருந்ததால் எட்டு வருடத்துக்கு முன் குடும்பம் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் லொங்குய்ய்க்கு வந்து சேர்ந்தது. டொரொன்டோவில் தமிழும் ஆங்கிலமுமாகக் காலம் தள்ளியவருக்கு இங்கே பிரெஞ்சு தேவைப்பட்டது. பொஞ்சூர், மெர்சி, இரண்டுக்கும் நடுவில் கைச்சாடை. அதற்கு மேல் போவதற்கு வகுப்பில் உட்காரவேண்டும். உட்காருவதுதானே பிரச்சினை!

வந்த இரண்டாம் வருட இலையுதிர் காலத்தில் கோயில் வாசலில், அங்கே பழக்கமான பெரியவர் பத்திநாதர் ஒரு வேலை சொன்னார். "தம்பி, முந்திரிகைப்பழம் ஆயுற வேலை. மூண்டு கிழமைதான். போறீரோ?"

திராட்சைக்கு எங்கள் பக்கத்தில் முந்திரிகை என்றுதான் பெயர், பறிப்பதற்கு ஆய்வது. மூன்றே வாரம் என்றதும் தேவதாசனுக்கு அந்த வேலை மிகவும் பிடித்துவிட்டது. அமெரிக்க எல்லைப் பக்கமாக ஐம்பது நிமிடம் கார் ஓட்டிப் போனார். அந்த மூன்று கிழமை இன்றைக்கு ஏழு வருடமாக நடந்துகொண்டிருக்கிறது.

அதற்குக் காரணம் ஆறு நிரைச் செடி. தோட்டத்துச் சொந்தக்காரி மடாம் ஜினெட், அறுபத்து நாலு வயது, தனி ஆள். அவருடைய தோட்டத்தில் முக்கால்வாசி கியூபெக் குளிருக்கென்றே உண்டாக்கிய முந்திரிகை வகைகள். மைனஸ் முப்பதிலும் அவை குறட்டை விட்டு நித்திரை கொள்ளும். ஆனால் மேட்டுச் சரிவில், தட்டைத் தட்டையாக உடைந்த கறுப்புக் கற்சல்லிக்குள், மடாம் பிடிவாதமாக ஆறு நிரை ரீஸ்லிங் நட்டிருந்தார். வெள்ளை வைனுக்கான பழம். அதற்குக் குளிர் வேண்டும், ஆனால் அளவாக வேண்டும். இரவு குளிர்ந்தால்தான் பழத்தில் புளிப்பு நிற்கும், பகல் வெயில் எறித்தால்தான் இனிப்பு ஏறும். வேர் ஈரத்தில் நிற்கக்கூடாது. சல்லிச் சரிவில் மழைத் தண்ணீர் நில்லாமல் ஓடிவிடும், பகலில் கல் குடித்த சூடு பின்னேரத்தில் செடிக்குத் திரும்பக் கிடைக்கும். இத்தனை உபசாரம் செய்தும், மற்றப் பழமெல்லாம் ஆய்ந்து முடித்த பிறகும் ரீஸ்லிங் பழுக்காமல் நின்று ஆளைச் சோதிக்கும்.

பனிக்காலம் அதைவிடப் பெரிய பாடு. நவம்பரில் கொடியைத் தாழ்த்திக் கட்டி, தடித்த வெள்ளைத் துணியால் போர்த்து, விளிம்பெல்லாம் கல் வைக்கவேண்டும். போர்க்காமல் விட்டால் பெப்ரவரிக் குளிரில் அத்தனையும் செத்துவிடும். ஏப்ரலில் நாள் பார்த்துத் திறக்கவும் வேண்டும். பிந்தினால் துணிக்குள்ளேயே முளைத்து அழுகும், முந்தினால் தளிரைப் பனி கருக்கும்.

இப்படி ஒரு நிலைக்கு எங்கள் பேச்சில் அந்தரம் என்று சொல்வோம். அவசரமும் பயமும் இருப்புக்கொள்ளாமையும் ஒன்றாகச் சேர்ந்த சொல் அது. தன்னைவிட அந்தரப்பட்ட ஒரு சீவனைத் தேவதாசன் வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தச் சரிவில்தான் கண்டார். நிரைக்கு ஒன்றாக ஆறு வெப்பமானி வாங்கித் தொங்கவிட்டார். ஆறாவதைப் பார்த்து முடிக்கும்போது முதலாவதில் என்ன ஆயிற்றோ என்று தோன்றும், திரும்பவும் நடப்பார். யாரும் அவரை 'இரு' என்று சொல்லாத முதல் வேலை அது.

அந்தப் பழத்தில் மடாம் செய்வது 'செக்' வைன். பழத்துச் சீனி முழுவதும் புளித்துத் தீர்ந்து, ஒரு துளி இனிப்பும் மிச்சமில்லாதது. இனிப்பு இருந்தால் அது குறையை மூடிவிடும், செக் வைனில் எதையும் ஒளிக்க முடியாது என்று மடாம் ஒரு நாள் இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டி விளக்கினார். எங்கள் சனத்துக்கு வைன் என்றால் பூசை வைன்போல இனிக்கவேண்டும். தேவதாசன் ஒரு நத்தார்ப் பண்டிகைக்கு ஒரு போத்தலைப் பத்திநாதர் வீட்டுக்குக் கொண்டுபோனார். பத்திநாதர் ஒரு மிடறு குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "என்ன தம்பி, தேசிக்காய்த் தண்ணிக்குச் சீனி போட மறந்திட்டினமோ?"

இன்னொரு வழக்கமும் அந்தத் தோட்டத்தில் இருந்தது. ஒவ்வொரு ஒக்டோபரிலும் கடைசிப் பெட்டிப் பழம் உள்ளே போனதும், மடாம் இடுப்பில் கை வைத்து நின்று தேவதாசனிடம் ஒரே கேள்வியைக் கேட்பார். "தூ றெஸ்த்?"

றெஸ்ட் எடுக்கப்போகிறாயா என்று கேட்கிறார், நல்ல மனுசி என்று தேவதாசன் நினைத்துக்கொள்வார். "நோ, நோ, மடாம்!" என்று நெஞ்சில் இரண்டு தட்டுத் தட்டிக் காட்டிவிட்டு அடுத்த வேலைக்கு ஓடுவார். மடாம் கொஞ்ச நேரம் அவர் முதுகையே பார்த்துவிட்டுத் தோளைக் குலுக்கிக்கொண்டு போவார். பனி முடிந்து ஏப்ரலில் இவர் போய் இறங்கினால், மடாம் காணாமல் போன பிள்ளையைக் கண்டதுபோல ஓடிவந்து கட்டிப்பிடிப்பார். பிரெஞ்சுக்காரர் பழக்கம்போலும் என்று இவர் அதையும் பெரிதாக எடுக்கவில்லை.

இந்த வருடம் பழம் ஆய்ந்து முடிந்தபோது மடாம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. மூன்று கிழமை கழித்து, நவம்பர் தொடக்கத்து வியாழக்கிழமை பின்னேரம், மூன்று வருடத்துக்கு முந்திய ரீஸ்லிங் போத்தல் ஒன்றைத் திறந்தார். சனிக்கிழமை மொன்றியல் உணவகம் ஒன்றின் ஆள் வந்து ருசி பார்க்கப்போகிறார், அதற்கு முன்னோட்டம். கிளாசை மூக்கருகே கொண்டுபோன மடாமின் புருவம் மேலே போயிற்று.

"பெத்ரோல்" என்றார்.

தேவதாசனும் முகர்ந்தார். பெற்றோல் இல்லை. தட்டுப்பாட்டுக் காலத்தில் ஒரு போத்தலுக்காக மன்னாரில் நாள் முழுக்க வரிசையில் நின்ற மூக்கு அது, பிழை விடாது. சுத்தமான மண்ணெண்ணெய்.

மடாம் கிளாசை வைத்துவிட்டுச் சரிவைக் காட்டி, துணி போர்ப்பதுபோலச் சாடை செய்து, தலையை இரண்டு பக்கமும் ஆட்டினார். இந்த முறை ரீஸ்லிங்கை மூடப்போவதில்லை. பிறகு போன் அடித்தது, உள்ளே போய்விட்டார். வைனில் மண்ணெண்ணெய், அதனால் செடிக்குப் போர்வை இல்லை. தேவதாசன் இரண்டையும் தானே ஒன்றாக முடிச்சுப் போட்டார். வேறு விதமாக முடிச்சுப் போட அவருக்கு வழியும் இல்லை, ஏனென்றால் அந்த மண்ணில் மண்ணெண்ணெயை ஊற்றியவர் அவர்தான்.

அது மூன்று வருடத்துக்கு முந்திய மே மாதம். தளிர் விட்டு ஒரு கிழமை. விடியும் நேரத்தில் பனி விழும் என்று எச்சரிக்கை வந்தது. நிரைகளுக்கு நடுவில் மண்ணெண்ணெய் ஹீற்றர்கள் வைத்தார்கள். நாலாம் நிரை ஹீற்றருக்குக் கானிலிருந்து எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த தேவதாசனுக்கு, ஆறாம் நிரையில் எத்தனை டிகிரி என்று பார்க்கவேண்டும்போல இருந்தது. விட்டு முடிக்க இரண்டு நிமிடம்தான் இருந்தது. அந்த இரண்டு நிமிடம் நிற்க ஏலவில்லை. கானைச் சல்லியில் சாய்த்து வைத்துவிட்டு ஓடினார். திரும்பி வந்தபோது கான் உருண்டு கிடந்தது, இருபது லீற்றரில் பாதிக்கு மேல் நிலம் குடித்துவிட்டது. நனைந்த சல்லியை அள்ளி எறிந்து, தள்ளுவண்டியில் புதுச் சல்லி கொண்டுவந்து பரப்பி மூடினார். ஜூன் மாதம் அந்த இடத்தில் இரண்டு செடி காய்ந்து போயிற்று. என்ன ஆயிற்று என்று மடாம் கேட்டார். தேவதாசன் வானத்தைக் காட்டினார். பனி என்று மடாம் நம்பிக்கொண்டார்.

அந்த வருடப் பாவசங்கீர்த்தனத்தில் ஒரு பொய் சொன்னேன் பாதர் என்று சொன்னார். யாருக்கு, எதைப் பற்றி என்று பாதர் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. பரிகாரமாகச் சொன்ன மூன்று பரலோக மந்திரத்தோடு விஷயம் முடிந்தது என்று நினைத்தார். இப்போது பார்த்தால், மண்ணுக்குள் போனது வேரால் ஏறி, பழத்தால் ஏறி, போத்தலுக்குள் மூன்று வருடம் காத்திருந்து, மூக்குக்கு நேரே வந்து நிற்கிறது. பெயரிலேயே மண் இருக்கிறதே! மண்ணில் விட்டது மண்ணோடு போய்விடுமா?

அன்று இரவு லொங்குய்ய் வீட்டில் அவர் சமையலறைக்கும் முன்கதவுக்கும் நடுவில் நடந்த நடையில் மாக்கிரட்டுக்குத் தலை சுற்றியது.

"என்னப்பா, றஜிந்தன் திரும்பவும் கோல் பண்ணினவனோ?" என்று கேட்டாள். றஜிந்தன் டொரொன்டோவில் இருக்கும் மச்சான். வசந்தத்தில் வந்து தன்னோடு லொறி ஓட்டச் சொல்லிக் கொஞ்ச நாளாக இவரைக் கிண்டிக்கொண்டிருந்தான். இவரும் பார்ப்பம் பார்ப்பம் என்று பாதி சம்மதித்திருந்தார்.

"இல்லை. உதை மணந்து பார்" என்று போத்தலை நீட்டினார். மடாம் மிச்சத்தை அவரிடமே கொடுத்துவிட்டிருந்தார்.

மாக்கிரட் முகர்ந்தாள். "ஐயோ, குப்பிவிளக்கு மணம்!" என்றாள். தேவதாசன் அப்படியே சுவரோடு சாய்ந்து, மூன்று வருடக் கதையை முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னார். மாக்கிரட் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குச் சுகமாக இருந்திருக்கும். "கீழ இருக்கிற பிள்ளையைக் கேட்டுப் பாருங்கோவன். அவள் உந்தப் படிப்புத்தானே படிக்கிறாள்?" என்று மட்டும் சொன்னாள்.

கீழ்த்தளத்து அறையில் வாடகைக்கு இருக்கும் ரக்ஷனா திருச்சியிலிருந்து வந்தவள், பல்கலைக்கழகத்தில் உணவு வேதியியல் படிக்கிறாள். தேவதாசன் படியில் நின்றபடியே கேட்டார். "பிள்ளை, எங்கட முந்திரிகைத் தோட்டத்து மண்ணை ஒருக்காச் சோதிச்சுப் பாக்கேலுமோ?"

"முடியும் அங்கிள், ஆனா இந்தக் குளிர்ல முந்திரி எப்படி விளையுது? நான் வந்ததுலேருந்து கேக்கணும்னு நெனச்சேன்."

அவள் ஊரில் முந்திரி என்றால் கஜு. ஒரு வருடமாக முந்திரித் தோட்டத்தில் வேலை செய்யும் இந்த அங்கிள் ஒரு பிடி முந்திரிகூடக் கொண்டுவந்து தரவில்லையே என்று அந்தப் பிள்ளை மனதுக்குள் குறைப்பட்டிருக்கிறாள்! வேறு நாளாக இருந்தால் தேவதாசன் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். இன்றைக்குப் போத்தலை அவள் கையில் திணித்துவிட்டு, "இது அந்தத் தோட்டத்து வைன். இதையும் சேர்த்துப் பார்" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை நாலாம் நிரையில் முழங்கால் ஆழத்துக்குத் தோண்டி, ஜாம் போத்தல் நிறைய மண் எடுத்தார். மத்தியானம் அதைப் பல்கலைக்கழக வாசலில் கொண்டுபோய்க் கொடுத்தார். பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாமல் இருப்பதுபோலக் கொடுமை அவருக்கு வேறில்லை. பாலத்தைத் தாண்டி புரோசார்ட்டுக்குப் போய்க் கடைத்தொகுதியை மூன்று சுற்றுச் சுற்றினார், ஒரு சாமானும் வாங்கவில்லை. மடாமிடம் சொல்லிவிடுவோமா என்று காரில் ஏறுவார், சொன்னால் என்ன நடக்கும் என்று இறங்குவார். சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் குற்றம் செடியின் மேல் விழும், ஆறு நிரையும் போர்வையில்லாமல் சாகும். வேலை போனால் இன்னொன்று, பதினொன்றைப் பார்த்தவர்தானே. அந்த ஆறு நிரைக்குத்தான் அவரிடம் மாற்று இல்லை.

ஐந்தரை மணிக்கு ரக்ஷனா லொங்குய்ய் மெட்ரோவிலிருந்து வெளியே வந்து காரில் ஏறினாள்.

"அங்கிள், மண்ணுல ஒண்ணுமே இல்ல."

"ஒண்டுமே இல்லையோ?"

"மூணு வருஷத்துல ஆவியாயிருக்கும், மிச்சத்தைக் கிருமிங்க தின்னுருக்கும். வைன்லயும் கெரசின் இல்ல. கெரசின்னா மெஷின்ல ஒரு கல்யாணக் கூட்டமே வந்து நிக்கும். இதுல ஒரே ஒரு ஆள்தான் வந்துருக்கு. அது ரீஸ்லிங்கோட சொந்தச் சரக்கு அங்கிள். பழத்துத் தோல்ல வெயில் நேரா பட்டா ஒண்ணு உண்டாகும். பாட்டில்ல வருஷம் போகப் போக அது மாறி இந்த வாசனை வரும். சூடான ஊரு ரீஸ்லிங்ல நிறைய வருமாம்."

"அப்ப மண் இல்லை?"

"மண் இல்ல, வெயில். ஆனா இந்தக் குளிர் ஊர்ல, மூணே வருஷத்துல இவ்ளோ வந்ததுதான் ஆச்சரியம். அந்த வருஷம் பழத்துமேல இலை கிலை எதுவும் இல்லாம இருந்துச்சா?"

தேவதாசனின் கை அந்த நேரம் ஸ்டியரிங்கின் தோலுறையைப் பிய்த்துக்கொண்டிருந்தது. அவர் பிய்ப்பதை நிறுத்திவிட்டுக் கையைப் பார்த்தார்.

அந்த வருடம் மடாம் முழங்கால் சத்திரசிகிச்சை செய்து ஜூலையிலிருந்து வீட்டோடு கிடந்தார். போகும்போது ஒரே ஒரு கட்டளைதான்: கிழக்குப் பக்க இலையை மட்டும் எடு. காலை வெயில் பழத்துக்கு நல்லது, மத்தியான வெயிலை மேற்குப் பக்க இலை மறைக்கவேண்டும். தேவதாசன் அப்படித்தான் தொடங்கினார். ஆனால் எண்ணெய் மணக்கிறதா, இன்னும் எந்தச் செடி காய்கிறது என்று பார்க்க ஒவ்வொரு நாளும் போய் நின்றார். நாலாம் நிரை பார்த்தால் மூன்றாம் நிரைச் சந்தேகம், மூன்றைப் பார்த்தால் ஐந்து. நின்ற இடமெல்லாம் கை இலையைப் பிய்த்தது. ஓகஸ்ட் முடிவதற்குள் ஆறு நிரையிலும் இரண்டு பக்கமும் வெறுங்கொடி. அந்தக் கோடை வெயிலும் சும்மா வெயில் இல்லை. செப்டம்பரில் தடியூன்றி வந்து பார்த்த மடாம், "ஓ லா லா" என்றதோடு விட்டுவிட்டார்.

ஆக, மண்ணெண்ணெய் வேரால் ஏறவில்லை. தேவதாசனின் கையால் ஏறியிருக்கிறது. அவர் அதைச் சிந்தாமல் விட்டிருந்தால் அந்தக் கோடை முழுக்க அங்கே போய் நின்றிருக்க மாட்டார், நில்லாவிட்டால் இலை இருந்திருக்கும், இலை இருந்தால் இந்த மணம் இவ்வளவு கெதியில் வந்திராது. ரக்ஷனாவுக்கு அவர் இதை விளக்கவில்லை. "மெத்தப் பெரிய உபகாரம், பிள்ளை" என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் மாக்கிரட்டிடம் மூச்சு விடாமல் சொல்லி முடித்து, "அப்ப மடாமுக்கு இனி ஒண்டும் சொல்லத் தேவையில்லைத்தானே?" என்று கேட்டார்.

மாக்கிரட் ரொட்டியைப் புரட்டிப் போட்டாள். "எண்ணெய்க்குத் தேவையில்லை. பனி எண்டு சொன்னீங்களே, அதுக்கு?"

சனிக்கிழமை மேட்டில் காற்று ஊசியாகக் குத்தியது. உணவகத்து ஆள் கண்ணாடி போட்ட, நிதானமான நடுத்தர வயதுக்காரர். கிளாசைச் சுழற்றினார், முகர்ந்தார், திரும்பவும் முகர்ந்தார். கொட்டகை வாசலில் நின்ற தேவதாசன் சேட்டின் கடைசிப் பொத்தானைக் கிட்டத்தட்டக் கழற்றிவிட்டார். "தேசிக்காய்த் தோல். மழை பட்ட கல். அதற்கு மேலே மண்ணெண்ணெய்" என்று அந்த ஆள் ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார். "சிலர் மூக்கைப் பொத்துவார்கள். எனக்கு இது வேண்டும்." இருந்த அத்தனை பெட்டியையும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

தேவதாசனுக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. கொட்டகைக்குள் ஓடி, போர்வைத் துணியின் முதல் உருளையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். மடாம் கையை நீட்டி மறித்தார். "நோ" என்றார். மெதுவாக, கவலையோடு ஏதோ நிறையச் சொன்னார். தேவதாசனுக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. உணவகத்து ஆளைப் பார்த்தார்.

"மூடுவதில் கஷ்டம் இல்லையாம். ஏப்ரலில் திறப்பதற்கு ஆள் இல்லையாம்" என்றார் அவர். "முழங்கால் இந்த முறை ஏலாது என்கிறார். நீங்களும் நிற்கமாட்டீர்களாம்."

"நானா? நான் எப்போது அப்படிச் சொன்னேன்?"

"ஒவ்வொரு ஒக்டோபரும் கேட்டாராம். ஒவ்வொரு முறையும் இல்லை என்றீர்களாம். நெஞ்சிலே அடித்து வேறு சொன்னீர்களாம். அதற்குப் பிறகும் ஏப்ரலில் வந்து நின்றீர்களாம், அது கடவுள் செயலாம். இந்த முறை கேட்டுத் திரும்பவும் அந்த 'நோ'வைக் கேட்க அவருக்கு மனம் வரவில்லையாம்."

"ஐயோ, அது றெஸ்ட் எடுக்கப்போகிறாயா என்று கேட்டதற்கு!"

அந்த ஆள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "றெஸ்த் என்றால் ஓய்வு இல்லை, ஐயா. தங்குவது. நீ இங்கேயே இருப்பாயா என்றுதான் ஏழு வருடமாகக் கேட்டிருக்கிறார்."

தேவதாசன் தோளில் இருந்த உருளையைக் கீழே வைத்தார். வெட்கமாக இருந்தது. பதினொரு முதலாளிகளில் ஒருவராவது அவரிடம் 'போகாதே' என்று கேட்டதில்லை. இங்கே ஒரு மனுசி வருடா வருடம் இடுப்பில் கை வைத்து நின்று கேட்டிருக்கிறார். இவர் வருடா வருடம் நெஞ்சில் தட்டி மறுத்திருக்கிறார். உணவகத்து ஆள் விஷயத்தை மடாமுக்குப் பிரெஞ்சில் சொன்னதும், மடாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, புதிதாகக் கேட்பதுபோலக் கேட்டார்.

"தூ றெஸ்த்?"

ஓம் என்று ஒரு சொல் போதும். வசந்தம், றஜிந்தனின் லொறி, திறந்த நெடுஞ்சாலை எல்லாம் ஒரு கணம் கண்ணுக்குள் ஓடிற்று. இருப்பேன் என்று தேவதாசன் யாருக்கும் இதுவரை வாக்குக் கொடுத்ததில்லை, கலியாணத்தன்று மாக்கிரட்டுக்குக் கொடுத்ததைத் தவிர. அதையும் நின்றுகொண்டுதான் கொடுத்தார். ஆனால் நெஞ்சுக்குள் முள்ளாகக் குத்தியது லொறி இல்லை. இனிப்பு இல்லாத வைனில் எதையும் ஒளிக்க முடியாது என்று இதே மனுசிதானே கையை விரித்துக் காட்டினார்.

"முதலில் ஒன்று சொல்லவேண்டும்" என்றார் உணவகத்து ஆளிடம். "அதைக் கேட்டுவிட்டு, நான் வேண்டுமா என்று அவரே சொல்லட்டும்."

கானைச் சொன்னார். இரண்டு நிமிடம் நிற்க ஏலாமல் ஓடியதைச் சொன்னார். சல்லியால் மூடியதையும், இலையைப் பிய்த்ததையும் சொன்னார். "அந்த இரண்டு செடியையும் பனி கொல்லவில்லை. நான்தான் கொன்றேன். கேட்டபோது வானத்தைக் காட்டினேன்."

உணவகத்து ஆள் அதைப் பிரெஞ்சில் சொல்லச் சொல்ல மடாமின் முகத்தில் சிரிப்புக் குறைந்தது. தடியை ஊன்றி நொண்டி நொண்டிச் சரிவில் ஏறினார். நாலாம் நிரையில், இரண்டு செடிக்கான வெறுமை இருந்த இடத்தில் போய் நின்றார். தேவதாசன் பின்னால் போய் நின்றார். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அருகே கொடியில் பழுத்த இலைகள் தொங்கின, ஒன்றையும் தொடவில்லை. எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று தெரியாது. ஆயுளில் அவ்வளவு நேரம் அவர் ஒரே இடத்தில் நின்றதில்லை.

கடைசியில் மடாம் தடியால் சல்லியில் இரண்டு இடத்தைக் குத்திக் காட்டினார். உணவகத்து ஆள் கீழே இருந்து மூச்சு வாங்க ஏறி வந்து மொழிபெயர்த்தார்.

"கோபம்தானாம். எண்ணெய்க்கு இல்லை, வானத்தைக் காட்டியதற்கு. மே மாதம் இங்கே இரண்டு கன்று நடவேண்டுமாம், நீங்கள்தான் நடவேண்டுமாம். பழம் காண நாலு வருடம் செல்லுமாம். அதைத் தெரிந்துகொண்டு பதில் சொல்லவேண்டுமாம்."

நாலு வருடம். தேவதாசன் மனதுக்குள் எண்ணிப் பார்த்தார். நாலு முறை மூடவேண்டும், நாலு முறை திறக்கவேண்டும். அந்தரம் எங்கும் போய்விடாது, அது அப்படியே இருக்கும். இனி அதை இங்கேயே வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

"ஓம்" என்றார். சொன்ன பிறகுதான் அது தமிழ் என்று உறைத்தது. "வீ, மடாம். றெஸ்த்."

மடாம் அவர் தோளில் பலமாக ஒரு அடி போட்டார். அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

அன்று வெளிச்சம் இருக்கும்வரை மூன்று நிரை மூடினார்கள். துணியின் ஒரு தலைப்பை மடாம் பிடித்தார், மறு தலைப்பை இவர் பிடித்துக் கல் வைத்தார். மூன்றாம் நிரை முடிந்ததும் மடாம் பிளாஸ்கைத் தூக்கிக் காட்டி ஏதோ கேட்டார். 'நோ' நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. தேவதாசன் அதை விழுங்கிக்கொண்டு, கையில் இருந்த கல்லைக் கீழே வைத்தார். என்ன கேட்கிறார் என்று சாடையில் இரண்டு முறை கேட்டு விளங்கிக்கொண்ட பிறகுதான் பதில் சொன்னார். கோப்பியை உட்கார்ந்திருந்து குடித்தார்.